தளபதிக்கு உடம்பு

பெரிய மனிதர்கள் படத்துக்கு வந்து உட்காரமாட்டார்கள், ஐயா. அவர்களுக்கு நேரம் ஏது? சட்டையையும் பூட்ஸையும் கொடுத்தனுப்புவார்கள். அதே வாட்டசாட்டத்தில் ஒருவனுக்கு அதை மாட்டி உடம்பை வரைவோம். முகத்தைப் போட்டோ பார்த்துக் கடைசியில் வைப்போம். எங்கள் தொழிலில் இதற்கு ஒளிவுமறைவு கிடையாது.

தளபதிக்கு உடம்பு என் தம்பி. என் பட்டறையில் ஒரு மரக்குதிரை உண்டு, அதன்மேல் அவனை உட்காரவைத்துதான் வரைந்தேன். முடிந்ததும் தளபதியே வந்து பார்த்தார்.

"ஆளு சரி. குதிரைதான் கட்டில் மாதிரி நிக்குது. முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறோம்" என்றார். கூட வந்த அதிகாரிகள் சிரித்தார்கள். இத்தனை வருஷம் கட்டிக்காத்த பேர், ஒரே பேச்சில் போயிற்று. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

மறுநாள் காலை நிஜக் குதிரையையே பட்டறைக்கு வரவழைத்தேன். முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கவேண்டும். குதிரைக்காரர் நல்ல மனிதர். ஒரு தடவை தூக்கவைத்துக் காட்டிவிட்டு, "போதும் சார், களைச்சிடுச்சு. இன்னொரு தடவை தூக்கினா அப்படியே மல்லாந்துடும்" என்றார். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பிவைத்தேன்.

தம்பியைக் குதிரைமேல் ஏற்றினேன். தளபதியின் பூட்ஸ் அவனுக்குப் பெரிது. கால் அங்கவடி வளையத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அதனால் வார்போட்டுக் கட்டினேன்.

"அண்ணே, பயமா இருக்கு. கட்டாம விடேன்."

"தளபதி பயப்படுவாரா? முதுகை நிமித்துடா."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். நான் சொன்னால் தட்டமாட்டான்.

கடிவாளத்தில் கட்டிய நீளக் கயிறு இடது கையில், கரிக்குச்சி வலது கையில். கயிற்றைச் சுண்டினேன். குதிரை எழுந்தது. குதிரைக்காரர் சொன்னபடியே மல்லாந்தது.

வாரை அறுக்கக் கத்தி இல்லையா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். இருந்தது, ஐயா. கரி சீவுகிற கத்தி, கைக்கெட்டும் பலகைமேலேயே இருந்தது. ஆனால் குதிரை எழுந்திருக்கத் திணறுகிறது. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் வெள்ளை தெரிகிறது. அது மறுபடி எப்போது கிடைக்கும்? தம்பி அதன் அடியில் இருந்தான். "அண்ணே" என்றான். குதிரையின் கழுத்தை வரைந்து முடித்திருந்தேன், கண் பாக்கி. மறுபடி கூப்பிட்டான், கொஞ்சம் மெதுவாக.

அப்புறம் கூப்பிடவில்லை. அண்ணன் வேலையாக இருக்கிறான், தொந்தரவு பண்ணக்கூடாது என்று புரிந்துகொண்டான். சின்ன வயதிலிருந்தே தங்கமான பிள்ளை.