இடப்பக்கம் சுற்றிய கம்பி

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, பிஷ்கெக் நகரமே எழுந்து வந்துவிட்டதோ என்னும்படி இம்மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, என் அக்கா மகள், மறைந்த பேராசிரியர் சைராகுல் ஒசோனொவாவிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் கண்ணீருக்குத் தலை தாழ்த்துகிறேன்.

நான் ஜுமாகாதிர். இந்த ஆய்வு நிலையத்துப் பட்டறையில் நாற்பது ஆண்டு இரும்படித்தவன். படிப்பு எட்டாம் வகுப்புதான். ஆனால் உலகத்தில் எத்தனை புரதம் உண்டோ, அத்தனைக்கும் கம்பியில் உடம்பு வளைத்துக் கொடுத்தவை இந்தக் கைகள்!

எப்பேர்ப்பட்ட அறிவு அவருக்கு! பெண் கேட்டு வருபவனிடம் நாம் ஏழு பாட்டன் பெயர் கேட்போமே, புரதத்திடம் அப்படிக் கேட்டவர் அவர். "மேலுக்கு வேற வேற மாதிரி தெரியும் மாமா. உள்ள எப்படி மடிஞ்சிருக்குன்னு பாரு. மடிப்பு ஒண்ணா இருந்தா அநேகமா பங்காளிதான்" என்பார். சுருளாக நிற்பது ஒரு குலம், தகடாக மடிவது ஒரு குலம், இரண்டும் கலந்தது இன்னொரு குலம். அவர் குலம் பிரித்த புரதங்கள் நம் மலையில் மேயும் ஆடுகளைவிட அதிகம். இரண்டையும் எண்ணியவன் நான்!

சற்றுமுன் இயக்குநர் அந்தப் பழைய கதையைச் சொன்னார். நீங்களும் அழுகைக்கு நடுவே சிரித்தீர்கள். சைராகுலுக்குத் தனித்துறை கொடுக்கலாமா என்று பார்க்க மாஸ்கோவிலிருந்து குழு வந்த நாள். ஆட்டு ரோமப் புரதத்தின் கம்பி உருவம், இதோ மாலை போட்ட அவர் புகைப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, இதைப் பார்த்து ஒருவர் கேட்டார்: "ஏம்மா, ஊரு உலகமெல்லாம் இந்தச் சுருள் வலப்பக்கம் ஏறுது. உங்க ஊர் ஆட்டுக்கு மட்டும் இடப்பக்கமா?" சபை சிரித்தது. "என் தப்புதான்" என்றார் சைராகுல். ஆறு ஆண்டு துறை கிடைக்கவில்லை. இடம் வலம் தெரியாத பேராசிரியர் என்ற பேச்சு மட்டும் இன்றுவரை ஓயவில்லை.

அது அவர் தப்பா? இல்லை! அவர் வரைந்து தந்த படம் சரி. இடதுகைக்காரரான என் அப்பாவிடம் கூடாரக் கயிறு திரிக்கப் பழகிய கை இது. கம்பியையும் அதே பக்கம் திரித்தது. எனக்குத் தெரியாத சுருளா என்று நான் படத்தைப் பிரித்தே பார்க்கவில்லை.

"ஏம்மா பழிய ஏத்துக்கிட்ட?" என்று தாழ்வாரத்தில் கேட்டேன். "துறை இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும். உன்ன வெளிய அனுப்பிட்டா எங்க போவ? வாய மூடிக்கிட்டு வா, டீ ஆறுது" என்றார்.

இந்த நிலையத்தில் எது நடந்தாலும் "நான் செய்தது" என்று மார்தட்டியவன் நான். இது ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை. இன்று சொல்கிறேன்: நான் செய்தது!

நாளைக் காலை பட்டறையைத் திறப்பேன். அவர் வரைந்த படத்தை விரித்து வைத்து, புதுக் கம்பியை ஒவ்வொரு சுற்றாக வளைப்பேன். பழையதும் பக்கத்திலேயே நிற்கட்டும். அதன் அடியில் என் பெயரைப் பொறிப்பேன். புதியதன் அடியில், சைராகுல், உன் பெயர்.