காகிதக் கோட்டு

— கையக் காட்டு.

— வேணாம் மச்சான்.

— காட்டுன்னேன்ல புள்ள. பாரு, எப்படி சிவந்து தடிச்சுக் கெடக்கு. டாக்டர் என்ன சொன்னாரு? அந்தத் தாளத் தொடாதேன்னாரா இல்லையா? கேக்குறியா நீ.

— இது எடது கை. இப்ப வலது கையப் பாருங்க.

— … இது நல்லா இருக்கே.

— நேத்துலேர்ந்து நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கையாலயும்தான் கசக்குறேன். ஒரே தாளு, ஒரே பசை.

— மருந்து ஒரு கைக்கு மட்டுமா போட்ட?

— மருந்தே போடல. வலது கைய மட்டும் புளித்தண்ணியில ஊற வச்சேன். ஏன்னு கேளுங்க.

— ஏன்?

— கருணைக்கிழங்கு வெட்டுனா எங்க உம்மா அப்படித்தான் செய்வாங்க. உங்க உம்மாவும் அப்படித்தான்.

— என்ன சொல்ல வர்ற ருமைஸா?

— நான் ஒண்ணும் சொல்லல. நீங்கதான் சொல்லணும். பசைக்கு ஜப்பான் கிழங்கு மாவு கேட்டேனே, அத எங்க வாங்குனீங்க?

— கராமாவுல. அந்த ஜப்பான் சாமான் விக்கிற கடை இருக்குல்ல, அங்க.

— இன்னிக்கு அங்க போனேன். அந்த மாவு நோன்புக்கு முன்னாடியே தீந்துபோச்சாம். இன்னும் வரலையாம்.

— வேற ஆளு நின்னிருப்பான். அவனுக்குத் தெரியாது.

— அந்தக் கடையில இருக்குறதே ஒரு ஆளுதான் மச்சான். சாயங்காலம் மஃரிபுக்குக் கண்காட்சி வண்டி வந்துரும். அதுக்குள்ள எனக்குத் தெரியணும்.

— தெரிஞ்சு என்ன பண்ணப் போற?

— சொல்லுங்க.

— சரி, பாரு. நீ கேட்டது அன்னிக்கே அங்க இல்ல. நீயோ, தாள் வேலை சொல்லிக்குடுத்த டீச்சர் குடுத்த மாவு முடிஞ்சுபோச்சு, பாதிக் கோட்டு அப்படியே நிக்குதுன்னு போன் மேல போன். எனக்கு இங்க தேராவுல சரக்கு எறங்கிக்கிட்டிருக்கு. நெட்டுல பாத்தேன். அந்த ஜப்பான் கிழங்கும் நம்ம கருணையும் ஒரே குடும்பம்னு போட்டிருந்துச்சு. நம்ம கடையில கருணை மாவு கெடந்துச்சு. அத ஒரு வெள்ளைப் பையில போட்டு…

— மூலத்துக்கு விக்கிற மாவு.

— எதுக்கு வித்தா என்ன, மாவு மாவுதானே. பசை வந்துச்சா இல்லையா?

— வந்துச்சு. கொஞ்சம் பழுப்பா வந்துச்சு. கம்பெனி மாறியிருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

— அப்பறம் என்ன.

— இளஞ்சூட்டுத் தண்ணியில கரைச்சு ஊற வைக்கிறதுதான் மச்சான் அந்தப் பசை. வேகவைக்கிறதில்ல. வேகாத கருணையத் தாள்ல பூசி, ரெண்டு கையாலயும் ரொட்டி மாவு மாதிரி பெசஞ்சிருக்கேன். உருட்டி, கசக்கி, விரிச்சு, திரும்பவும் உருட்டி. தாள் துணியாட்டம் ஆகுற வரைக்கும்.

— உறை போட்டுக்கிட்டு செஞ்சிருக்கலாம்ல.

— உறை போட்டா, எங்க கிழியப் போகுதுன்னு விரலுக்குத் தெரியாது.

— தப்புதான். தெரியாம நடந்துபோச்சு. விடு.

— மசாலாக் கடை வச்சிருக்கிற ஆளு. கருணை அரிக்கும்னு தெரியாது.

— காஞ்ச மாவு அரிக்காதுன்னு நெனச்சேன் புள்ள.

— மொதப் பாக்கெட்டுக்கு அதச் சொல்லுங்க, நம்புறேன். ரெண்டாவது பாக்கெட்டு கொண்டாந்த அன்னிக்கு இந்தக் கையப் பாத்தீங்க. இதே சோபாவுல உக்காந்து நீங்கதான் களிம்பு தடவி விட்டீங்க. தடவிட்டு எந்திரிச்சுப் போயி, பையிலேர்ந்து அத எடுத்து என் கையிலயே குடுத்தீங்க. பேசுங்க மச்சான்.

— என்னத்தப் பேச.

— நான் நிறுத்திருவேன்னு நெனச்சீங்க.

— ஆமா. நெனச்சேன். கலாஸ், போதுமா? கடைய மூடிட்டு அல் குசைஸ் வரைக்கும் டிராபிக்குல நின்னு நின்னு வர்றேன். வீட்டுக்குள்ள நொழஞ்சா ஒரு சத்தம். சரசரன்னு. சோறு மேசையில மூடி இருக்கும். "வந்துட்டீங்களா"ன்னு உள்ளேர்ந்து குரல் வரும், ஆளு வராது. எட்டிப் பாத்தா என் பொண்டாட்டி ஒரு கோட்டக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அதுக்கு ஒரு பேரு வேற. மொமி…

— மொமிகாமி. கசக்குன தாளுன்னு அர்த்தம். கட்டிப்பிடிக்கல. மடியில போட்டுத் தச்சேன்.

— எவன் போடப் போறான் அத? ஒரு ஆம்பள அதப் போட்டுக்கிட்டு கண்காட்சிக்கு நடுவுல நிப்பான்னு நீதான் சொன்ன. எவனோ ஒரு வெள்ளைக்காரன், ஆறடி இருப்பான், அவன் ஒடம்புக்கு நீ தடவித் தடவி…

— வார்த்தையப் பாத்துப் பேசுங்க.

— யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குற. கேக்கும்போதெல்லாம் சிரிக்கிற. அங்க வந்து பாருங்கங்குற. எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

— அதனால அரிப்பக் குடுத்தீங்க.

— நாலு நாளு கீழ வைப்பேன்னு நெனச்சேன். கண்காட்சி நாள் தாண்டிரும், அந்த எடத்துல வேற எதையாவது தொங்க விட்டுருவாங்கன்னு. அவ்ளோதான். இப்படித் தடிக்கும்னு நெனக்கல. வல்லாஹி, நீ சொறிஞ்சுக்கிட்டுக் கெடந்தப்ப நான் தூங்கவே இல்ல.

— தெரியும். நான் இங்க வந்ததுலேர்ந்து உங்க விசாவுலதான் இருக்கேன். வேலைன்னு இருக்குற எடத்துல ஹவுஸ் வைஃப்ன்னு போட்டிருக்கும். இன்னிக்கு கண்காட்சி செவத்துல என் பேர ஒட்டியிருக்காங்க. காலையில போட்டோ அனுப்புனாங்க. வெறும் ருமைஸா. இன்னாரு பொண்டாட்டின்னு இல்ல. அதுக்குக் கீழ ஒரு காலி எடம், கோட்டுக்கு.

— எனக்குக் காட்டவே இல்லையே நீ.

— அந்தப் பாக்கெட்டக் கொண்டாந்து குடுத்த ஆளுக்குக் காட்டணுமாக்கும்.

— குத்திக் காட்டாத புள்ள. இப்ப நடக்க வேண்டியதப் பாரு. நான் பேசுறேன் அவங்ககிட்ட. ஒனக்கு ஒடம்பு சரியில்ல, கோட்டு இல்லன்னு சொல்லிருவோம்.

— கோட்டு இருக்கு.

— இருந்து என்ன? எவன் போட்டாலும் சொறிய ஆரம்பிச்சிருவான். அவன் போலீஸுக்குப் போனா என்னாகும்? கடை எனக்கு ஸ்பான்சரா நிக்கிற கஃபீல் பேருல இருக்கு. யோசிச்சுப் பாரு.

— யோசிச்சேன்.

— அந்தக் கோட்டையும் புளித்தண்ணியில முக்கிட்டா?

— மீந்த தாள்ல ஒரு துண்ட முக்கிப் பாத்துட்டேன். கஞ்சியாப் போச்சு. ஜப்பான் மாவுன்னா தண்ணியத் தாங்கும். உங்க மாவு தாங்காது.

— அப்ப கலாஸ். வேற வழி இல்ல.

— போன் அடிக்குது, உங்க பக்கத்துலதான் இருக்கு. எடுங்க.

— … ஹலோ. ஹாங் பாய். நீச்சே? க்யா? அச்சா, ஏக் மினிட். … வண்டி கீழ நிக்குது.

— ம்.

— கோட்டையும், அதப் போடுற ஆளையும் சேத்து ஏத்திக்கிட்டு வரச் சொன்னாங்கங்குறான். எந்த ஆளு? இங்க யாரு இருக்கா?

— ரெண்டும் வரும்னு சொல்லுங்க.

— ருமைஸா, வெளையாடாத. அரிக்கும் அது.

— அரிக்கும். வெறும் ஒடம்புல போடணும். கூட்டம் கலையுற வரைக்கும் நடுவுல நிக்கணும், சொறியக் கூடாது.

— எவன் ஒத்துக்குவான் அதுக்கு?

— சட்டையக் கழட்டுங்க மச்சான். நீங்க அசந்து தூங்குனப்ப நூல் போட்டு உங்க தோளத்தான் அளந்தேன்.