வாசலில் கழற்றிய சப்பாத்து

கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். ஒருவர் பென்சன் எடுத்த யாழ்ப்பாணத்துத் தபால் அதிபர். மற்றவர் மடவளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம். ஆண், பெண் எல்லாருக்கும் வோட்டு என்று இலங்கையில் வந்த முதல் தேர்தலுக்கு மறுநாள் அது.

“சப்பாத்தை வெளியில கழட்டி வைச்சிட்டுத்தான் நான் வோட்டுப் போட்டனான், நானா” என்று தபால் அதிபர் கடைக்காரரை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.

“வோட்டுப் போட்ட இடம் பள்ளிக்கூடம்தானே ஐயா, கோயிலில்லையே?”

“கேளும். படிப்பில்லாத சனத்துக்கு வோட்டுக் குடுக்கிறது குரங்கின்ர கையில பூமாலை எண்டு நான்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்.”

“எண்ட கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னீங்க.”

“நேற்று எனக்கு முன்னால தேயிலைக் கொழுந்து எடுக்கிற பொம்பிளையள் வரிசையில நிண்டவை. ஒவ்வொருத்தியும் காலில ஒட்டின சேத்தைப் புல்லில துடைச்சு, வாசற்படியைத் தொட்டுக் கண்ணில ஒத்திக்கொண்டு உள்ளுக்குப் போனாள். ஒரு சத்தமில்லை. என்ர முறை வந்தபோது சப்பாத்தோட ஏறக் கால் வரேல்ல.”

கடைக்காரர் அவர் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லக் கேட்டார்.

“அப்ப அவங்களுக்கு வோட்டுக் குடுத்தது சரிண்டா சொல்றீங்க?”

“பிழைதான். இண்டைக்கும் பிழை எண்டுதான் சொல்லுவன்.” அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். “ஆனா நான் சப்பாத்தோட உள்ளுக்குப் போயிருந்தா, அது அதைவிடப் பெரிய பிழை.”