எழிலரசியின் காய்ந்த கை

2024 டிசம்பர் 11, புதன்கிழமை, ஒரகடம். ஒரு தொழிற்சாலையின் இரண்டாவது லைனில் செய்த 640 சர்க்யூட் போர்டுகள் பழுதென்று திரும்பி வந்தன.

எழிலரசி: ...தள்ளி உக்காருடி. கம்பெனி பஸ்ஸு இன்னா தென்காசிக்கா போவுது, காலை நீட்டிகினு கீற?

கனிஷ்கா: உக்காருங்கக்கா.

எழிலரசி: மூஞ்சி ஏன் இப்டி கீது? சார் ரூம்ல அரை மணி நேரம்... இன்னா கேட்டாரு?

கனிஷ்கா: பொதுவாத்தான் கேட்டாவ. அந்த போர்டெல்லாம் எப்படிச் செத்துச்சுன்னு.

எழிலரசி: போர்டு எங்கனா சாவுமா?

கனிஷ்கா: சாவும்க்கா. தலை சீவுன சீப்பு பேப்பர இழுக்கும்லா? அந்தக் கரண்டுதான். நம்ம ஒடம்புலயும் சேரும், நமக்குத் தெரியாது. தொட்டதும் சிப்புக்குள்ள பொத்துரும்.

எழிலரசி: அதான் மணிக்கட்டுல பட்டை மாட்டிகினு கீறோமே. அது வழியா பூமிக்குப் போயிடும்னு நீதான சொன்ன?

கனிஷ்கா: தோலு வறண்டு கெடந்தா போவாது. அது போவுதான்னு பாக்கத்தான காலையில கார்டத் தேச்சு அந்த மிஷின்ல விரல வைக்கச் சொல்லுதாவ. ஒங்களுக்கு செவப்புதான எரிஞ்சுது...

எழிலரசி: மெதுவாடி! முன்சீட்ல லைன் லீடரு.

கனிஷ்கா: அவரு தூங்குதாரு.

எழிலரசி: ஆயுத பூசைக்கு அந்த மிஷினுக்குப் பொட்டு வெச்சதே நானு. மறுவாரமே எனக்கு செவப்பு காட்டுது பாரு. தேங்கா எண்ணெ கூட தடவினு போனேன்...

கனிஷ்கா: எண்ணெ தடவுனா இன்னும் மோசம். அதுல கரண்டு ஓடாது.

எழிலரசி: டிப்ளமா மேடம் சொல்லிட்டாங்கபா. அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?

கனிஷ்கா: அன்னைக்கு நீங்க அழுதுட்டு நின்னீங்க. மூணு தடவ செவப்பு விழுந்தா லைன விட்டு எறக்கிருவாவன்னு. பொறவுதான் ஒங்க கார்டத் தேச்சு, என் விரல வச்சேன்.

எழிலரசி: அழாம? ஜனவரில பர்மனென்ட் லிஸ்ட்டு. எட்டு வருசம் காண்ட்ராக்ட்டு. எங்க நெலத்து மேலதான் இந்த கம்பெனி நிக்குது, நான் உள்ள தற்காலிகம். லைன விட்டு எறங்கினா பேரு போச்சு.

கனிஷ்கா: அன்னைக்கு இதெல்லாம் யோசிக்கல. நாலஞ்சு நாளு, சரியாயிரும்னு நெனச்சேன்.

எழிலரசி: நானும் அப்டித்தான். எல்லாம் அந்த ஏசிடி.

கனிஷ்கா: ஏசி எனக்குந்தான் அடிக்கு. எனக்கு வேர்க்கு. ஒங்களுக்கு வெளிய வந்தாலும் வேர்க்க மாட்டேங்கு. முடி கொட்டுது, கொரலு கட்டிக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?

எழிலரசி: ...போனேன்.

கனிஷ்கா: எப்போ?

எழிலரசி: தீபாவளிக்கு முன்னாடி.

கனிஷ்கா: என்ன சொன்னாவ?

எழிலரசி: தைராய்டு. வேர்வை சரியா சுரக்காதாம், தோலு காஞ்சிடுமாம். தெனம் ஒரு மாத்திர. சரியாவ ரெண்டு மூணு மாசம் புடிக்கும்னாங்க.

கனிஷ்கா: அப்பவே தெரியுமா? எங்கிட்ட ஏசி ஏசின்னு...

எழிலரசி: சொன்னா நீ கார்டத் தேச்சிருப்பியா?

கனிஷ்கா: டாக்டர் சீட்டக் காட்டியிருந்தா பேக்கிங்குக்காவது மாத்தியிருப்பாவல்லா!

எழிலரசி: பேக்கிங்ல எவளுக்குடி பர்மனென்ட்டு? இன்னும் ஒரே மாசம். அதுவரைக்கும் உன் விரலு... இன்னாடி, அந்தப் பக்கம் திரும்பிக்கின?

கனிஷ்கா: எறங்குத எடம் வந்துருச்சான்னு பாத்தேன்க்கா.

எழிலரசி: கனிஷ்கா. சார்கிட்ட இன்னா சொன்ன?

கனிஷ்கா: கார்டு தேச்ச நேரத்தக் காட்டுனாவ. ஒங்க கார்டு, அடுத்து என் கார்டு. நடுவுல நாலே செகண்டு, ஆளு மாறி நிக்கக்கூட நேரமில்ல. தெனமும்.

எழிலரசி: அதுக்கு?

கனிஷ்கா: என் மேல தப்பில்லன்னா எழுதிக் குடுன்னாவ. நீங்க மெரட்டித்தான் செஞ்சேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. ஒங்க கார்ட ரெண்டு மணிக்கே நிறுத்திட்டாவ.