ஜார்ஜியாவில் யார் இருக்கிறார்கள்?

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த அம்மையார் அடுத்த வரிசையிலிருந்த அறிமுகக்காரரிடம் கேட்ட ஒரு கேள்வி, என் கையிலிருந்த குறிப்பேட்டை மூடவைத்தது.

“ஜார்ஜியாவுல யார் சார் இருக்காங்க?”

அம்மையாரின் மகள் மருத்துவம் படிக்க அங்கே செல்லவிருந்தாள். விண்ணப்பத்தில் தாயின் கையெழுத்து மட்டுமே எஞ்சியிருந்தது. மகளோ சன்னலோரம் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் பையனே அங்கதானேம்மா இருக்கான்! பாதி வெள்ளைக்காரங்க, மூணுல ஒருத்தர் கறுப்பர். அப்பறம் மெக்சிகோக்காரங்க, கொரியாக்காரங்க.”

“நம்மாளுங்க?”

“தடுக்கி விழுந்தா தெலுங்குக்காரங்க மேலதான் விழணும். தமிழ்ல ஜெபம் பண்ற சர்ச்சுகூட இருக்கு. இட்லி மாவு பாக்கெட்ல கிடைக்குது.”

“குளிரு?”

“வெயில் காலத்துல நம்ம ஊரப்பாக்கம் மாதிரியே பொசுக்கும்.”

அம்மையாரின் முகம் தெளிந்தது. பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு மகளின் தோளைத் தட்டினார்.

“சரிடி, போய்ட்டு வா. ஸ்வெட்டர்கூட வேணாமாம்.”

மகள் காதிலிருந்ததைக் கழற்றினாள். “யாரும்மா சொன்னது? அங்க பனி கொட்டும்.”

“சார் பையன் அங்கதான்டி இருக்கான், அட்லாண்டாவுல.”

“ஐயோ, அது அமெரிக்காவுல ஒரு மாநிலம்மா. நான் போறது ரஷ்யாவுக்குப் பக்கத்துல ஒரு நாடு.”

“அதுவும் ஜார்ஜியாவா?” என்றார் சார்.

அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப, அந்த ஜார்ஜியாவுல யாருடி இருக்காங்க?”

“போய்ப் பாத்துட்டுதாம்மா சொல்லணும்.”

எடுத்த பேனாவை அம்மையார் மறுபடியும் பைக்குள் போட்டார்.