பாவு கிடந்த தெரு

— என்ற கழுத்துத் தாலிக்கு என்ன வெலைன்னு நேத்துத்தானுங்க தெரிஞ்சுது. நாலணா.

— என்ன புள்ள உளர்றே? வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி...

— செம்புல இருக்குது, எடுத்துக் குடிங்க. நேத்து உங்க மடியிலிருந்து ஒரு சீட்டு உழுந்துச்சு. எதுத்த ஊட்டு வாத்தியாரு படிச்சுக் காட்டுனாரு. "ஓடும்போது உயிர் போனால் கமிட்டி பொறுப்பல்ல. நுழைவுக் கட்டணம் அணா நாலு." அடியில உங்க கைநாட்டு.

— அது எல்லாருகிட்டயும் வாங்கறதுதான். சும்மா ஒரு சாங்கியம்.

— உசுரையும் குடுத்து, மேல நாலணாவும் குடுக்கற சாங்கியமா? சந்தையில கெழட்டு மாடு வாங்கறவன்கூட இப்பிடி ஏமாற மாட்டான்.

— கமலவேணி... ஆறு மைல் ஓடிட்டு வந்திருக்கறேன். சித்த ஒக்கார உடு.

— ஒக்காருங்க. ஒக்காந்துட்டே சொல்லுங்க. எத்தனாவது?

— தண்ணி நல்லாச் சில்லுன்னு இருக்குது புள்ள.

— ஏனுங்க, காது அடச்சுப் போச்சா?

— பதினேழாவது.

— எத்தன பேரு ஓடுனாங்க?

— பதினேழு.

— ஆக, உங்களுக்குப் பின்னால ஈ காக்கா இல்ல.

— ஏன் இல்ல? தண்ணிக்கொடம் ஏத்தின வண்டி வந்துச்சு.

— மாட்டு வண்டிதான?

— ஆமா.

— அதையாச்சும் ஜெயிச்சீங்களே, சந்தோசம். மூணு வருசமா இதே கூத்து! நாமக்கல்லுல கோட்டையச் சுத்தி ஓடுனீங்க. பாதியில நின்னு எளநி குடிச்சீங்க.

— வெயிலு புள்ள...

— சேலத்துல ஓடுனீங்க. ஒரு ஜட்கா பின்னாலயே போயி ரயிலடியில நின்னீங்க.

— அவன்தான் வழிகாட்டறவன்னு நெனச்சுட்டேன். வண்டியில கொடி கட்டியிருந்தான்.

— திருச்செங்கோட்டுல மூணாம் பரிசு. ஒரு சீப்பு.

— அத வெச்சுத்தான நீ பொழுதுக்கும் தல சீவறே!

— சீப்புக்காவ விடியால நாலு மணிக்கு எந்திரிச்சு, பச்ச முட்டைய ஒடச்சுக் குடிச்சுட்டு, ஆத்தூரு ரோட்டுல நாயெல்லாம் தொரத்த ஓடற ஆம்பள இந்த ராசிபுரத்துலயே நீங்க ஒருத்தருதான். சேலை கேட்டு ஆளு அனுப்பிட்டே இருக்கறாரு மொதலாளி. போன வாரம் நேராவே கேட்டுப்புட்டாரு. 'அம்மிணி, நாச்சிமுத்து தறியில ஒக்காந்து நெய்வானா, இல்ல ரோட்டுலயே நெய்துக்குவானா'ன்னு.

— அவருக்கென்ன தெரியும்? நாள் முச்சூடும் தறிக்குழியில காலத் தொங்கப்போட்டு மிதிக்கறவன் நான். அத்தன மிதி மிதிச்சும் இருக்கற எடத்த உட்டு ஒரு சாண் நகர மாட்டேன் புள்ள. ரோட்டுல நாலு மிதி மிதிச்சா... பனமரம் பின்னால போவுது. அது போதும் எனக்கு.

— பனமரம் பின்னால போவும், அரிசிப்பானை காலியாப் போவும். சரி, அதெல்லாம் இன்னைக்கோட தீந்துது. மாரியாத்தா முன்னால கர்ப்பூரம் கொளுத்தி என்ன சத்தியம் பண்ணீங்க? சொல்லுங்க, என்ற காதுல உழட்டும்.

— வெள்ளைக்கார ராசாவோட ஜூபிலின்னு வெச்ச இந்த ஓட்டத்துல ஓடித் தோத்தேன்னா, அப்பறம் இந்த ஜென்மத்துல ஓடறதில்லன்னு.

— அடுத்த மாசம் ஆத்தூருல ஓட்டம்.

— இருக்கட்டும். பேரு குடுக்கப் போறதில்ல. போதுமா?

— போதாது. எப்பிடித் தோத்தீங்கன்னு தெரியோணும்.

— வயிறு இழுத்துப் புடிச்சுக்கிச்சு.

— எங்க?

— இங்கதான், வலப்பக்கம்...

— எந்த எடத்துலன்னு கேக்கறேன்.

— நம்ம தறிக்காரங்க தெரு முக்குல. கோயிலச் சுத்தித் திரும்புவமே, அங்க.

— அதுவரைக்கும்?

— அதுவரைக்கும் மொத ஆளு நான்தான். என்ன, சிரிக்கலியா?

— சிரிப்பு வரலீங்க. சொல்லுங்க.

— எருமப்பட்டி பச்சமுத்து இருக்கறான்ல, நாமக்கல்லுல ஜெயிச்சானே, காட்டுல வெள்ளாம பண்றவன்... அவன் எனக்குப் பின்னால அம்பது கெஜத்துல. அவனுக்கு மூச்சு எரைக்குது, எனக்குக் கேக்குது. எனக்கு எரைக்கவே இல்ல கமலவேணி. தறி மிதிக்கற கணக்குலயே மூச்சு உட்டுட்டு ஓடறேன். இன்னைக்கு நம்ம நாளுன்னு நெனச்சேன்.

— அப்பறம்?

— அப்பறம் வயிறு.

— காலுல முள்ளு ஏறிருச்சுன்னு பெரியசாமி அண்ணங்கிட்டச் சொன்னீங்களாமே. இப்பத்தான் வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறாரு.

— முள்ளும் ஏறுச்சு.

— வயிறும் முள்ளும் பேசி வெச்சுட்டு ஒரே முக்குல வந்து காத்திருந்துச்சாக்கும்!

— சரி... தெருவுல பாவு கெடந்துச்சு. தறியில ஏத்தறதுக்குக் கஞ்சி போட்டு நீட்டுன நூலு. ஈரம் சொட்டச் சொட்ட, தெரு அகலத்துக்கும்.

— ஓட்டம் முடியற வரைக்கும் ஆரும் தெருவுல பாவு நீட்டக்கூடாதுன்னு தண்டோரா போட்டாங்களே!

— போட்டாங்க. நீட்டிட்டானே!

— ஆரு ஊட்டுப் பாவு?

— எவனோ ஒருத்தன் ஊட்டுது.

— உங்களத்தானுங்க. ஆரு ஊட்டுப் பாவு?

— செங்கோடன் ஊட்டுது.

— அந்தக் கெரகம் புடிச்சவனா! நம்ம எடத்துல முக்கா சாண் தள்ளிச் செவுரு வெச்சவன்! அவம் பொண்டாட்டி ராமாயி மூஞ்சியில மூணு வருசமா நான் முழிக்கறதில்ல!

— இதுக்குத்தான் வயித்து வலின்னு சொன்னேன்.

— கெடந்தாக் கெடக்குது, தாண்டிக் குதிச்சு ஓட வேண்டியதுதான?

— நீ தாண்டுவியா?

— நானா ஓடறவ?

— அது இல்ல கேள்வி. ஆரு ஊட்டுதா வேணா இருக்கட்டும்... பாவைக் காலால தாண்டுவியா?

— சோறு போடற சாமியில்லீங்களா அது!

— பாத்தியா? நானும் தாண்டல. சாக்கட ஓரமா ஒண்டிச் சுத்திப் போனேன். பச்சமுத்துக்குப் பாவைக் கண்டா என்ன தெரியும்? வேலி கட்டின கயிறுன்னு நெனச்சிருப்பான். நேரா வந்து ஒரே எகிறு. பின்னங்காலு மாட்டிருச்சு.

— ஐயையோ. நூலு அந்துருச்சா?

— ஓரத்துல ஒரு கத்தை. உழுந்தான், எந்திரிச்சான், ஓடியே போய்ட்டான். பின்னால வந்தவங்கெல்லாம் என்னயப் பாத்துச் சாக்கட ஓரமாவே போய்ட்டாங்க.

— செங்கோடன் என்ன பண்ணுனான்?

— அவன் கெணத்தடியில. ராமாயி மட்டும் ஒத்தையில... கஞ்சிச் சட்டிய வெச்சுட்டு அப்பிடியே நின்னுட்டா.

— நிக்கட்டும்! நல்லா நிக்கட்டும்! தண்டோராவ மதிக்காம நீட்டுனா இப்பிடித்தான். நீங்க ஓடுனீங்கல்ல?

— ஓடுனேன். ஓடறப்பத்தான் வயிறு...

— கையக் காட்டுங்க.

— என்னத்துக்கு?

— காட்டுங்கன்னா! வெரலிடுக்குல என்ன வெள்ளையா?

— கஞ்சி. நம்ம ஊட்டுக் கஞ்சி. நேத்து ஒட்டுனது.

— இந்த ஊட்டுல பாவுக்குக் கஞ்சி காச்சி ஒம்பது நாளாச்சு.

— அப்ப வேர்வையா இருக்கும். காஞ்சா இப்பிடித்தான் வெளுக்கும்.

— வேர்வை வெரல ஒட்டுமாக்கும்!

— ஏபுள்ள, நீ என்ன சேலத்துக் கோர்ட்டு வக்கீலா? பொழுது எங்க வந்திருச்சு, சோறு இன்னும் கொதிக்கவே இல்ல. விடியால இருந்து அடுப்படியில என்னதான் பண்ணுனே?

— வெறகு ஈரமுங்க. பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. பேச்சே முடிஞ்சுது. தோத்துட்டேன். அந்தக் கால்சட்டையக் கிழிச்சு அடுப்புத் தொடைக்க வெச்சுக்கோ. நாளையிலிருந்து கோழி கூப்பிட்டாத் தறி, கோழி அடைஞ்சாப் படுக்கை. உனக்கும் நிம்மதி, மொதலாளிக்கும் நிம்மதி.

— கால்சட்டையக் கிழிச்சுட்டு ஆத்தூருல எதக் கட்டிட்டு ஓடுவீங்க? கோவணத்தையா?

— என்னது?

— ஆத்தூருக்குப் பேரு குடுங்கன்னு சொல்றேன். அதுக்குள்ள அந்தச் சேலைய நெய்து முடிச்சுப்போடுங்க. மொதலாளிக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.

— சத்தியம் என்னாவறது? மாரியாத்தா கண்ணக் கிண்ணக் குத்தீருவா புள்ள...

— ஓடித் தோத்தா நிறுத்தறதுன்னுதான சத்தியம்? நீங்க ஓடியா தோத்தீங்க? ஒக்காந்துல்ல தோத்தீங்க! அதுக்கு ஆத்தா கேக்க மாட்டா.

— ஒக்காந்தேன்னு நான் எப்பச் சொன்னேன்? பெரியசாமி சொன்னானா? அவன் அங்க இல்லவே இல்லியே... நீதான் இந்தக் கர்மத்த எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டு ஊட்டுக்குள்ள இருந்தே!

— ஆரும் சொல்லலீங்க. பதினாறு பேரும் தாண்டிப் போனப்பறம், 'நாச்சிமுத்து, எந்திரிச்சு ஓடுய்யா'ன்னு கமிட்டிக்காரரு வந்து கத்துனாரல்ல... நீங்க எந்திரிச்ச எடத்துல அடுத்து ஒக்காந்தவ நான்தான். கஞ்சி காஞ்சுட்டா அப்பறம் அந்த நூலுக்கு எங்க முடிச்சுப் போடறது? அந்துபோனது நாப்பத்தெட்டு இழை. முப்பத்திரெண்டு நீங்க முடிஞ்சிருந்தீங்க. பதினஞ்சு நான் முடிஞ்சேன். ஒண்ண மட்டும் வேணும்னே உட்டுட்டு வந்தேன்... அதையும் முடிஞ்சு குடுத்தா, ராமாயி பேச வந்துருவாளே!