முள் ஏறவில்லை

ரேடியேட்டரில் தண்ணீர் மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஐயா. போடியில் கார் ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். பழைய தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றும்போது உள்ளே காற்று தங்கிவிடும். காரின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓடவிட்டு, ரப்பர் குழாயைக் கையால் பிசைந்து கொடுத்தால் குமிழ் குமிழாக வெளியே வந்துவிடும். பொறுமைதான் வேண்டும். காற்று தங்கினால் சூட்டைக் காட்டும் முள் ஏமாற்றும். உள்ளே தண்ணீர் கொதிக்கும், முள் கீழேயே கிடக்கும்.

ஏலக்காய் வியாபாரி சௌந்தரபாண்டியன் முதலாளியின் காரை நான்தான் ஓட்டினேன். போன மழைக்காலத்தில், மலைமேல் அவர் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ராக்குவுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. அவளைக் கீழே கொண்டுவரக் கார் கேட்டேன். முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "வண்டியில காத்து அடைச்சிருக்குல்லப்பா, மலை ஏறாது. நாளைக்குப் பாப்பம்" என்றார். அன்று காலையில்தான் காற்றை எடுத்து முடித்திருந்தேன். எடுத்தவனிடமே அதைச் சொன்னார். காய்ச்சல்காரி படுத்த சீட்டில் உட்கார அவருக்கு மனமில்லை. அவர் மகள் தேவகிருபை மட்டும், "அனுப்பி வைங்கப்பா, பாவம்" என்றாள்.

ராக்குவைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மலையடிவாரத்து முந்தலை எட்டும்போது மூச்சில்லை. நான் சண்டை போடவில்லை. காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டேன். பொறுப்பான ஆள் என்று முதலாளி கடைவீதியெல்லாம் சொன்னார்.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம். அவர் அப்பா காலத்தில் பொதிமாட்டில்தான் ஏலக்காய் இறக்கினார்கள். கடைசி ஏற்றத்துக்குக் கீழே, ஓடையருகே, மாட்டுக்குச் சொந்தக்காரரே தன் கையால் தண்ணீர் காட்ட வேண்டும். கார் வந்த பிறகும் முதலாளி அதை விடவில்லை. முள்ளைப் பார்ப்பார், இறங்குவார், மூடியைத் திறந்து ஒரு செம்பு ஊற்றுவார். டிரைவர் தொடக்கூடாது.

இந்த ஐம்பத்து நாலாம் வருஷச் சித்திரையில் தண்ணீர் மாற்றினேன். காற்றை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

அன்று மகளும் கூட வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தோட்டத்தில் பாதி அவளுக்கு என்று பேச்சு. ஓடையருகே முதலாளி செம்பை அவளிடம் நீட்டி, "இனிமே நீதான் ஆத்தா தண்ணி காட்டணும்" என்றார். அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"தொறக்கலாமா, கன்னையண்ணே?"

யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. பானெட்டின் அனல் என் முழங்கையில் அடித்தது. முதலாளி சிரித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெந்தால் ஆறிவிடும், பெற்ற பிள்ளை வெந்தால் அவருக்கு ஆறாது என்று தோன்றியது.

"முள்ளு கீழதான இருக்கு. தொறங்க பாப்பா," என்றேன்.

கொதிநீர் அடித்து அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முதலாளி வராந்தாத் தரையில் உட்கார்ந்து அழுகிறார். அதைப் பார்த்தால் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. "அண்ணே மேல தப்பில்ல, நான்தான் குனிஞ்சு பாத்துட்டேன்" என்று அவள் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தாளாம். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, ஐயா. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.